குழாயடியில் நின்ற பாட்டு டீச்சர்

எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிரிட்ஜ் மக்கர் செய்தாலும் அது கடைசியில் போய்ச் சேருகிற இடம் பாட்டு டீச்சர் வீட்டு முன்னறைதான். டீச்சரின் கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். அவருக்கென்று ஒரு கடை இருந்தது. அங்கே இடம் போதாமல் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் நகர்ந்து வந்துவிட்டன. ரிப்பேர் முடிந்தாலும் மனிதர் உடனே திருப்பித் தந்துவிட மாட்டார். சில நாள் ஓடவிட்டு, குளிர் நிற்கிறதா என்று கதவைத் திறந்து திறந்து பார்த்துவிட்டுத்தான் தருவார். அதனால் அந்த அறையில் எந்நேரமும் நான்கைந்து பிரிட்ஜ்கள் சுவரோரம் வரிசைகட்டி நின்று 'உம்' என்று இரைந்துகொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு மேசை, மேசைமேல் லேப்டாப், அதன் முன்னால் டீச்சர். முதுகலைப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

படிக்கிற வயதில் படித்தால் அது படிப்பு. நாற்பத்தைந்தில் படித்தால் அது தெருவுக்கே செய்தி. டீச்சரின் மகளும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இளங்கலை படித்தாள். "அம்மா, நீ லைப்ரரிக்கு வா, கிளாசுக்கு வா, கேன்டீன் பக்கம் மட்டும் வந்துடாத" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். டீச்சர் அதை மீறியதில்லை. மீற நேரம் எங்கே? காலையில் பள்ளிக்கூடம், சாயந்திரம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு வகுப்பு, வாரக் கடைசியில் பல்கலைக்கழகம். பேருந்தில் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்தால் புத்தகம் விரியும். கிடைக்காவிட்டால் ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் விரித்த பக்கம். வெங்காயம் நறுக்கும்போதுகூடக் காதில் ஹெட்போன் இருக்கும்.

"நறுக்குறது வெங்காயமா விரலான்னு பாத்து நறுக்கும்மா" என்பார் பெரியக்கா.

பெரியக்கா என்பது மெக்கானிக்கின் அக்கா. தம்பி வீட்டோடு இருந்து சமையலறையை ஆண்டு வந்தார். அந்த வீட்டில் நடந்தது எதுவும் எங்களுக்குத் தெரியாமல் போகாததற்கு அவர்தான் காரணம். அவர் வயிற்றில் சோறு தங்கும், சேதி தங்காது. இந்தக் கதையில் பாதி அவர் வாயால் வந்தது. மீதி, எங்கள் வீட்டுப் பிரிட்ஜும் அந்த வரிசையில் நின்ற நாட்களில் "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கப் போய் நானே பார்த்தது.

பட்டம் ஏன் அவ்வளவு அவசரம் என்றும் சொல்லிவிட வேண்டும். டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மேல்நிலையாக உயர்த்துவதாக முடிவாகியிருந்தது. அடுத்த கல்வியாண்டிலிருந்து பாட்டு வகுப்பு எடுக்க முதுகலை முடித்தவர் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷம் அவர் நடத்திய வகுப்பில் வேறொருவர் வந்து உட்காருவதை டீச்சரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் இந்த வருஷமே பட்டம். தவறினால் அடுத்த வருஷம்தான், அதற்குள் வகுப்பு கை மாறிவிடும்.

ஆனால் டீச்சர் கலங்கவில்லை. கலங்குகிற பிறவியும் அல்ல. "அதெல்லாம் முடிச்சிடலாம்" என்பது அவர் வாயில் டீ மாதிரி சூடாகவே இருக்கும்.

"அப்படி என்னதாம்மா எழுதுற? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு பாப்போம்" என்று ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பெரியக்கா கேட்டார்.

"பிள்ளைங்க கூட்டமா பாடும்போது சுருதி மெல்ல மெல்ல இறங்கிடும் அக்கா. ஆரம்பிச்ச இடம் ஒண்ணு, முடிக்கிற இடம் ஒண்ணா இருக்கும். எந்த ஸ்கூல்ல வேணா போய்ப் பாருங்க, அப்படித்தான்."

"சரி, இறங்கட்டுமே. யாரு வந்து அளக்கப் போறா?"

"நான் அளக்குறேன். என் பிள்ளைங்க இறங்க மாட்டாங்க. கீபோர்டுல ஒரே ஒரு தடவை சுருதி காட்டுவேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன். கையை மட்டும் ஆட்டுவேன். நாலு அடி பாட்டு முடியும்போது திரும்பக் கீபோர்டைத் தட்டினா அதே இடத்துல நிப்பாங்க. டீச்சர் குரல் இல்லாம அவங்களே பிடிச்சிக்கிறாங்க. நான் சொல்லிக் குடுக்குற விதம் அப்படி. எல்லாத்தையும் போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கேன். அதுதான் ஆய்வு."

"நீ வாயே திறக்க மாட்டியா?" பெரியக்கா கத்தியை நிறுத்திவிட்டு ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா இருக்கு கதை."

அவர் எதற்கு அப்படிச் சொன்னார் என்று டீச்சர் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல மழை. டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவுகளைக் கடைசித் தடவையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுக்கு அடியில் எப்போதும்போல ஒரு மெல்லிய இரைச்சல். அது அவருக்குப் பழகிப்போன ஒன்று. வீட்டில் கேட்டால் பிரிட்ஜ், பள்ளிக்கூடத்தில் கேட்டால் மின்விசிறி. 'பதிவுகளில் மின்சாதனங்களின் லேசான இரைச்சல் கலந்துள்ளது' என்று ஆய்வேட்டில் ஒரு வரியும் எழுதியாகிவிட்டது.

இடி ஒன்று இடித்தது. கரண்ட் போனது. பிரிட்ஜ்கள் ஒரு குலுக்குக் குலுங்கி ஓய்ந்தன. வீடே வாயடைத்துப்போன மாதிரி இருந்தது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது.

இரைச்சல் நிற்கவில்லை.

டீச்சர் ஹெட்போனைக் கழற்றினார். அறையில் மழைச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. திரும்ப மாட்டினார். பாட்டு மேலே ஏறியபோது அந்த இரைச்சலும் ஏறியது. பாட்டு வளைந்த இடத்தில் அதுவும் வளைந்தது. மின்விசிறி எங்கேயாவது ராகம் பாடுமா? அடுத்த பதிவைப் போட்டார். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. பிள்ளைகளின் சுருதி இறங்கப் பார்க்கிற இடத்தில் எல்லாம் அது கொஞ்சம் பலத்தது. வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியே, பிடித்த பிடியை விடாமல் ஒரு குரல். அது அவருடைய குரல்.

"அக்கா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பெரியக்கா கரண்டியோடு ஓடி வந்தார்.

"நான் ஹம் பண்றேனா அக்கா?"

"எப்போ?"

"எப்பவாவது."

"எப்பவாவதா? எப்ப நீ நிறுத்தியிருக்க? பாத்திரம் கழுவுறப்ப, துணி மடிக்கிறப்ப, கோவமா இருக்கறப்பகூட உம்முனு இழுத்துக்கிட்டே இருப்ப. இந்த வீட்டுல பிரிட்ஜ் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். நான் உன்னையும் அதுங்களோட சேத்துத்தான் கணக்கு வெச்சிருக்கேன்."

"சொல்லக் கூடாதா?"

"சொல்றதுக்கு அதுல என்ன இருக்கு? நீ மூச்சு விடுறன்னு யாராவது சொல்லுவாங்களா?"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீபோர்டுப் பக்கத்தில் போன். போனுக்குப் பக்கத்தில் டீச்சர். பிள்ளைகள் தாங்களே நிற்கிறார்கள் என்று அவர் எழுதிய அத்தனை பக்கமும் அவருடைய மூக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம்.

கடையிலிருந்து நனைந்துகொண்டே வந்த மெக்கானிக் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைத் துவட்டினார். "இத்தனை நாளா கேக்காதது இனிமே யாருக்குக் கேக்கப் போகுது? பேசாம குடுத்துடு, டீச்சரே" என்றார். பாசமாக இருக்கும்போதும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"நீங்க ஓட்டை பிரிட்ஜைத் துடைச்சு, ஓடுதுன்னு திருப்பிக் குடுப்பீங்களா?"

மனிதர் துவட்டுவதை நிறுத்தினார். "அது வேற."

"எப்படி வேற?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். டீ இருக்கிறதா என்று அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

டீச்சர் தன் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியைக்குப் போன் போட்டார். வழிகாட்டி அவரைவிடப் பத்து வயது இளையவர், கறாரானவர். சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார்.

"இது உங்களுக்கு மட்டும்தான் கேக்குதா மேடம்?"

"இப்ப எனக்கு அது மட்டும்தான் மேடம் கேக்குது."

"கெடு தள்ளிப் போடுறதுக்கு வழியே இல்ல. தெரியும்ல?"

"தெரியும். திரும்பப் பதிவு பண்றேன். இந்த வாரமே."

"பிள்ளைங்க சுருதி இறங்கிட்டாங்கன்னா? மொத்த ஆய்வும் தலைகீழா ஆயிடும்."

"இறங்க மாட்டாங்க" என்று டீச்சர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு போனை வைத்துவிட்டு, "இறங்குவாங்களா?" என்று பெரியக்காவிடம் கேட்டார். பெரியக்காவுக்குச் சுருதி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும், "உன் பிள்ளைங்களாச்சே, இறங்குவாங்களா என்ன?" என்றார். அந்த நேரத்துக்கு அது போதுமாக இருந்தது.

முதல் வேலை வாயைக் கட்டுவது. அன்று சாயந்திரமே வீட்டில் ஒத்திகை நடந்தது. மகள் பாட்டைப் போட்டுவிட்டுக் காதைக் கிட்டே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சர் உதட்டை இறுக்கிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார். இரண்டாவது வரியிலேயே, "வருதும்மா" என்றாள் மகள். நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தார். "இப்பவும் வருது." ரொட்டித் துண்டு ஒன்றை வாயில் அடைத்துக்கொண்டார். ரொட்டி போனதும் ராகம் வந்தது.

"வாய் நிறையத் தண்ணியை வெச்சிக்கோ. அப்ப எப்படி வரும்னு பாக்கறேன்" என்றார் பெரியக்கா.

அப்போதுதான் நான் எங்கள் பிரிட்ஜைப் பற்றி விசாரிக்க உள்ளே நுழைந்தேன். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு, காற்றில் கையை வீசிக்கொண்டு நிற்கிறார். எதிரே மூன்று பேர் மூச்சு விடாமல் அவர் மூக்கையே பார்க்கிறார்கள். பாட்டு உச்சிக்குப் போனது. மூக்கு வழியே 'ம்ம்' என்று கிளம்பியது. மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளைப் பார்த்து டீச்சருக்கும் வந்துவிட்டது. வாய்த் தண்ணீர் முழுவதும் எங்கள் பிரிட்ஜின் கதவில்.

"இப்பத்தான் பாலிஷ் போட்டுத் துடைச்சேன்" என்றார் மெக்கானிக், என்னைப் பார்த்துக்கொண்டே.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. என் வாய் மூடாது. அப்ப நான்தான் வெளிய போகணும்" என்றார்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் தனியே விட அனுமதி இல்லை. பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியாரிடம் போய்க் கேட்டார். பாட்டு வகுப்பின் சத்தத்தால் தன் பின்னங்கள் எல்லாம் கலைந்துபோகின்றன என்று வருஷக்கணக்காகப் புகார் சொல்கிற மனிதர் அவர்.

"சும்மா உக்காந்திருந்தா போதும் சார். ஆனா ஒரு சத்தம் வரக் கூடாது."

"என்கிட்டயா? எனக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம். போன தடவை நீங்க பரீட்சைக்கு லீவு போட்டப்பவும் நான்தானே இவங்களைப் பாத்துக்கிட்டேன்? எதையாவது பாடுங்கன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்குப் பேப்பர் திருத்துனேன்."

"அதே மாதிரி திருத்துங்க சார்."

பதிவு நாள் அன்றும் மழைதான். பிள்ளைகள் மூன்று வரிசை பெஞ்சுகளில் எழுந்து நின்றார்கள். கடைசியில் கணக்கு வாத்தியார் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துகொண்டார். டீச்சர் போனைப் பதிவில் போட்டார், மின்விசிறியை நிறுத்தினார், கீபோர்டில் சுருதியை ஒரே தடவை காட்டினார்.

"நான் வெளிய போனதும் நாலு எண்ணிட்டு ஆரம்பிங்க. நாலு அடியும் முழுசா பாடணும். நடுவுல நிறுத்தக் கூடாது."

"நீங்க இருக்க மாட்டீங்களா டீச்சர்?"

"இல்ல. நீங்களே பாடிடுவீங்க."

கதவைச் சாத்திவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து, அந்தக் கோடியில் இருந்த தண்ணீர்க் குழாயடிக்குப் போய் நின்றார். அங்கே தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் எதுவும் கேட்காது. ஜன்னல் வழியே சின்னச் சின்ன வாய்கள் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் தன் பிள்ளைகள் கண்ணெதிரே பாடியும் அவர் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. குழந்தையை முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு நிற்கிற தாய் மாதிரிதான் நின்றார். வாய் தன் பாட்டுக்கு ஹம் பண்ணிக்கொண்டிருந்தது. இப்போது பண்ணினால் யாருக்கு என்ன என்று அவரும் விட்டுவிட்டார்.

கணக்கு வாத்தியார் கதவைத் திறந்து கைக்குட்டையை ஆட்டினார்.

"எப்படி சார் பாடுனாங்க?"

"எல்லாரும் ஒண்ணா வாயைத் திறந்தாங்க, ஒண்ணா மூடுனாங்க. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

பள்ளிக்கூடத்தில் வைத்துக் கேட்க டீச்சருக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்தார். மெக்கானிக் ஏற்கெனவே எல்லாப் பிரிட்ஜையும் நிறுத்தி வைத்திருந்தார், வீட்டுப் பிரிட்ஜ் உட்பட. "பால் திரிஞ்சுதுன்னா உன் பட்டத்தைத்தான் காய்ச்சிக் குடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பெரியக்காவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

முதல் அடி சுத்தமாக வந்தது. இரண்டாவது அடியில் குரல்கள் தளர்ந்தன. ஒரு நூல் இறங்கியது, பிறகு இன்னும் ஒரு நூல். டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். போச்சு என்று நினைத்தார். மூன்றாவது அடி தொடங்கும் இடத்தில் பாட்டுக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஒரு ரீங்காரம் கிளம்பியது. அவர் வழக்கமாகப் பிடிக்கிற அதே இடம், அதே பிடி. சரிந்துகொண்டிருந்த பாட்டு அதன்மேல் சாய்ந்து நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. கடைசிச் சுரம் முடிந்ததும் டீச்சர் கீபோர்டைத் தட்டிப் பார்த்தார். ஆரம்பித்த இடம்.

"திரும்பவும் ஹம்மிங் இருக்கு" என்றார், அழாத குறையாக.

"நீ குழாயடியிலதானே நின்ன?" என்றார் பெரியக்கா.

"ஆமா."

"அவ்வளவு தூரத்துலேருந்து, அந்த மழையில, உன் மூக்குச் சத்தம் போனுக்கு எப்படிம்மா வரும்?"

டீச்சர் மறுபடி போட்டுக் கேட்டார். தன் குரல் இல்லை. தன் குரலுக்கு ஒரு முழு ஸ்தாயி மேலே, பிள்ளைக் குரல் உயரத்தில் இருந்தது. அதுவும் ஒற்றைக் குரல் அல்ல, நான்கைந்து. கணக்கு வாத்தியாராக இருக்க வழியே இல்லை. என்றாலும் போன் போட்டுக் கேட்டார். "நான் ஹம் பண்ணுனா என் பொண்டாட்டி பெட்டியைக் கட்டிடுவா டீச்சர்" என்றார் அவர்.

மறுநாள் வகுப்புக்குப் போனதும் முதல் கேள்வி அதுதான்.

"நேத்து பாட்டுக்கு அடியில யாரு ஹம் பண்ணுனது?"

திட்டு விழப்போகிறது என்று பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "தப்பா டீச்சர்?" என்றாள்.

"தப்பில்லம்மா. யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"நேத்து நடு பெஞ்சு முறை டீச்சர்."

"முறையா? என்ன முறை?"

"நீங்க எப்பவும் ஒரு பார்ட் பாடுவீங்கல்ல, வாயை மூடிக்கிட்டு? நேத்து நீங்க வெளிய போயிட்டீங்க. அப்ப அந்தப் பார்ட்டை யாராவது பாடணும்ல டீச்சர்?"

"நீங்க பரீட்சைக்கு லீவு போட்டப்ப எல்லாம் நாங்கதான் பாடுனோம்" என்றது முன் பெஞ்சிலேயே இன்னொரு குரல். "போன தடவை கடைசி பெஞ்சு. அடுத்து நாங்க."

"அவங்க போன தடவை ரொம்ப சத்தமா பாடிட்டாங்க டீச்சர். நீங்க அப்படிப் பாட மாட்டீங்கன்னு நாங்க சொன்னோம்" என்று நடு பெஞ்சு புகார் செய்தது. கடைசி பெஞ்சு மறுத்தது. கணக்கு வாத்தியார் சுவரைத் தட்டுகிற அளவுக்குச் சண்டை முற்றியது.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. தான் சொல்லிக்கொடுத்ததாக நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டு, தனக்கே தெரியாமல் செய்ததைப் பிள்ளைகள் பாட்டின் ஒரு பாகமாகவே எடுத்துக்கொண்டு, முறை போட்டுக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அவர் படிக்கப் போன நாட்களில் இவர்களும் படித்திருக்கிறார்கள்.

இடைவேளையில் குழாயடியில் நின்றே வழிகாட்டிக்குப் போன் செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தக் கறாரான குரல் முதல் தடவையாகச் சிரித்தது. "பழைய பதிவு எதையும் மறைக்காதீங்க. உங்க ஹம்மிங்கையும் எழுதுங்க, அவங்க ஹம்மிங்கையும் எழுதுங்க. முறையை மாத்தி மாத்தி வெச்சு இன்னும் சில தடவை பதிவு பண்ணுங்க. யாருமே ஹம் பண்ணாமயும் ஒரு தடவை. முடியுமா?"

"அதெல்லாம் முடிச்சிடலாம் மேடம்" என்றார் டீச்சர்.

முடித்தும்விட்டார். யாருமே ஹம் பண்ணாதபோது பாட்டு இறங்கத்தான் செய்தது. அதையும் அப்படியே எழுதினார். மின்சாதன இரைச்சல் பற்றிய வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில், 'பதிவுகளில் உள்ள இரைச்சல் ஆசிரியருடையது' என்று போட்டார். கெடு முடிகிற அன்று மெக்கானிக்கே பிரிட்ஜ் ஏற்றுகிற வண்டியில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பல்கலைக்கழக வாசலில் இறக்கிவிட்டார். மகள் கேன்டீனுக்குக் கூட்டிப் போய்த் தன் தோழிகள் எல்லாருக்கும் முன்னால் டீ வாங்கிக் கொடுத்தாளாம். அதைப் பெரியக்கா எங்களிடம் மூன்று தடவை சொன்னார்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பக்கங்களைப் புரட்டிக்கொண்டே, "பிள்ளைங்க பாடும்போது நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாராம்.

"குழாயடியில சார்."

"அங்க என்ன பண்ணுனீங்க?"

"ஹம் பண்ணிட்டிருந்தேன் சார்."

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார். பட்டம் கிடைத்தது. வகுப்பும் டீச்சரிடமே நின்றது.

அடுத்த கல்வியாண்டின் முதல் நாள் டீச்சர் வகுப்புக்குள் போய்க் கீபோர்டைத் திறந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"இன்னிக்கு யாரு முறை?" என்று கேட்டார்.

முன் பெஞ்சு மொத்தமும் கையைத் தூக்கியது. டீச்சர் சுருதியை ஒரே தடவை காட்டினார். அந்த மைதானத்துக் கோடிக் குழாயடி அவருக்கு இப்போது பழகிவிட்டது. மழை இல்லாவிட்டாலும் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.